லண்டனில் சில பொது வீடுகள்

(நமது கல்லூரி முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "பன்னிரண்டு வருஷமா லண்டன்ல இருக்கீங்க, அந்த ஊர்ல உங்களுக்குப் பிடிச்ச இடங்களைப் பத்திப் பேசுங்க" என்றார். சரி என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். எனக்குப் பிடித்த இடங்களில் பாதி மார்க்கெட், மீதிப் பாதி பப். முதல்வர் முன்னிலையில் பப்பைப் பற்றி எப்படிப் பேசுவது? (சிரிப்பு) அவரிடமே கேட்டுவிட்டேன். "உள்ளதை உள்ளபடி சொல்லுங்க தம்பி, நாளைக்கு இந்தப் பசங்களும் அங்கே போகப்போறவங்கதானே" என்றார். அந்தத் தைரியத்தில் பேசுகிறேன்.

2013-ல் நான் கிளம்பும்போது வீட்டு வாசலில் வைத்து அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எய்யா, அங்கன எல்லாரும் குடிப்பாகளாம்லா. நீ தொடக்கூடாது, சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். 1888-ல் காந்திஜியும் தாயாரிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுத்தான் லண்டனுக்குப் படிக்கப் போனார். அவர் சைவச் சாப்பாட்டுக் கடை தேடித் தெருத்தெருவாக அலைந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டுபிடித்ததைச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். நான் அந்த அளவுக்கெல்லாம் அலையவில்லை. ஆபீஸ் முடிந்ததும் நேரே ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் ஆபீசில் எல்லோரும் பக்கத்துப் பப்புக்குப் போவார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். "வேலை இருக்கு" என்பேன். நாலைந்து மாதத்தில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். எந்த வேலை எந்தக் குழுவுக்கு வரப்போகிறது, யார் மாறிப் போகிறார், மேலாளர் மனசில் என்ன இருக்கிறது, எல்லாம் அங்கேதான் முதலில் பேசப்படும். எனக்கு மட்டும் மறுவாரம் ஈமெயிலில் தெரியவரும். ஒரு வருஷம் அப்படியே ஓடிற்று. கடைசியில் குழுத் தலைவரான அம்மையார் ஒருநாள், "அங்கே லைம் சோடாவும் உண்டு, தெரியுமா?" என்றார். அது எனக்குத் தெரியவே தெரியாது!

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பொது வீடு. நம் ஊர் ஒயின் ஷாப்பை மனசில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தால் புரியாது. நம் காலேஜ் வாசல் டீக்கடையையும் ஊர் ஆலமரத்தடியையும் சேர்த்து, மேலே ஒரு கூரை போட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. கைக்குழந்தையோடு வருவார்கள், நாயோடு வருவார்கள், பேப்பர் படிக்கும் தாத்தா ஒருவர் இருப்பார்.

அதற்கும் சில சட்டதிட்டங்கள் உண்டு. மேஜையில் உட்கார்ந்து கையைத் தட்டினால் பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். கவுண்டருக்குப் போய் நீங்களே வாங்க வேண்டும். வரிசை இருக்காது, ஆனால் வரிசை உண்டு. யாருக்கு முன் யார் வந்தார் என்பது கவுண்டருக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முந்தினால் மரியாதை போச்சு. மூடும் நேரம் நெருங்கினால் மணி அடித்துச் சொல்வார்கள். இன்னொரு சட்டம் 'ரவுண்ட்'. ஐந்து பேர் போனால் ஒருவர் ஐந்து பேருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். இந்த ரவுண்டைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மறக்காதீர்கள்.

இனி எனக்குப் பிடித்த இடங்கள். சிவில் மாணவர்களுக்கு முதலில் சொல்வது, தேம்ஸ் நதியின் தென்கரையில் ரோதர்ஹைத் பகுதியில் உள்ள 'மேஃப்ளவர்'. மரத்தாலான சின்னப் பப். பின்பக்கம் ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மேடையில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும். 1620-ல் அமெரிக்கா போன மேஃப்ளவர் கப்பல் இந்த ரோதர்ஹைத்திலிருந்துதான் புறப்பட்டது. அங்கிருந்து நாலு எட்டு நடந்தால் மார்க் புரூனல் கட்டிய தேம்ஸ் சுரங்கத்தின் வாய். 1825-ல் தொடங்கி, வெள்ளம் புகுந்து, உயிர்ப்பலி ஆகி, பணம் தீர்ந்து நின்று, 1843-ல்தான் திறந்தார்கள். கப்பல் ஓடும் ஆற்றுக்கு அடியில் உலகத்தில் வெட்டப்பட்ட முதல் சுரங்கம். 'டனலிங் ஷீல்டு' என்று பாடத்தில் படித்தோமே, அது முதன்முதலில் வேலை பார்த்த இடம். இன்றைக்கும் அதன் வழியாக ரயில் ஓடுகிறது. என் லைம் சோடாவோடு அங்கே உட்காரும்போதெல்லாம், பதினெட்டு வருஷம் பொறுத்தவர்களை நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது, சோஹோவில் பிராட்விக் தெருவில் உள்ள 'ஜான் ஸ்னோ'. 1854-ல் அந்தத் தெருவில் காலரா வந்து சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று ஊரே நம்பிய காலம். டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாகப் போய் விசாரித்து, எல்லோரும் ஒரே அடிபம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று காட்டினார். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதே தெருவில் இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் எழுபது பேருக்கு மேல். அவர்களில் யாரும் காலராவுக்குச் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது, ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. தெருப் பம்புப் பக்கமே போகவில்லை! (சிரிப்பு) இதில் வேடிக்கை என்னவென்றால், ஜான் ஸ்னோ வாழ்நாளில் பெரும்பகுதி மதுவைத் தொடாதவர். குடிக்காத மனுஷன் பெயரில் ஒரு பப். அதனாலேயே எனக்கு அது குலதெய்வக் கோயில் மாதிரி.

மூன்றாவது, சதக்கில் உள்ள 'ஜார்ஜ் இன்'. 1676-ல் தீப்பிடித்து எரிந்து, மறுவருஷம் திரும்பக் கட்டியது. குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றமும், அதைப் பார்த்த மர மாடமும் அப்படியே இருக்கின்றன. லண்டனில் அந்த மாதிரி மாடம் வைத்த சத்திரம் இது ஒன்றுதான் மிச்சம். அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் பரோ மார்க்கெட், ரயில் பாலங்களுக்கு அடியில். தலைக்கு மேல் ரயில் தடதடக்க, கீழே பாலாடைக்கட்டியும் காளானும் விற்பார்கள். விலை நம் பர்ஸுக்கு ஆகாது. மாதக் கடைசியில் போய் மோந்து பார்த்துவிட்டு வரலாம், அதற்குக் காசு இல்லை.

எனக்கு மார்க்கெட் என்றால் நான் குடியிருக்கும் கிழக்கு லண்டனின் குவீன்ஸ் மார்க்கெட்தான். அப்டன் பார்க் ரயில் நிலையத்தை ஒட்டி, வாரத்தில் நாலு நாள். கத்தரிக்காய், பச்சை மிளகாய், தக்காளியெல்லாம் எவர்சில்வர் கிண்ணத்தில் குவித்து வைத்து, கிண்ணம் இத்தனை பவுண்டு என்று கூவுவார்கள். எடை கிடையாது. முருங்கைக்காய், சேப்பங்கிழங்கு, கறிவேப்பிலை எல்லாம் உண்டு. வங்காளி, பஞ்சாபி, ஆப்பிரிக்கர், பழைய லண்டன்காரர், ஈழத்தமிழர், நாம் எல்லோரும் ஒரே கிண்ணத்தில் கை வைப்போம். இதை இடித்துவிட்டு உயரமான கட்டிடம் கட்ட ஒரு திட்டம் வந்தது. கடைக்காரர்களும் வாங்க வருபவர்களும் வருஷக்கணக்கில் போராடினார்கள். 2009-ல் லண்டன் மேயர் அனுமதி மறுத்தார். நான் போவதற்கு முந்தைய கதைதான், ஆனால் அங்கே கறிவேப்பிலை விற்கும் பெரியவர் நேற்று நடந்த மாதிரிச் சொல்வார்.

மீன் பிரியர்களுக்கு பில்லிங்ஸ்கேட். வானளாவிய பேங்க் கட்டிடங்களின் நிழலில் ஒரு மொத்த மீன் சந்தை. 1982-ல் ஆற்றங்கரைப் பழைய இடத்திலிருந்து அங்கே வந்தது. விடியற்காலை நாலு மணிக்கு வியாபாரம் ஆரம்பம். வஞ்சிரம் வேண்டுமானால் தூக்கத்தை விட வேண்டும்.

சரி, ரவுண்ட் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் பேட்சில் ஒருவன். ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்து ரூம். 2014-ல் அவனும் லண்டன் வந்தான். பெயர் சொல்லமாட்டேன். ஆனால் இதை மேடையில் சொல்லலாம் என்று அவனே அனுமதி தந்திருக்கிறான். அவனைப் பப்புக்கு முதலில் கூட்டிப்போனவன் நான். அவனுக்கு லைம் சோடாவில் இஷ்டமில்லை. ஆறு பேர் உட்கார்ந்தால் ஆறு ரவுண்ட். ஒரு பைண்ட் 568 மில்லி. நாம் எஞ்சினியர்கள், கணக்குப் போடுங்கள். ஒரு ராத்திரிக்கு மூன்றே கால் லிட்டருக்கு மேல். அடுத்தவர் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டு நாம் வாங்காமல் எழுந்து போகக் கூச்சம். அந்தக் கூச்சம்தான் அவனைப் பிடித்தது. என் முறை வரும்போது நானும் அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன். நான் சோடா குடிக்கிறேன், நான் யோக்கியன் என்ற நினைப்பு எனக்கு.

பிறகு அவன் வியாழக்கிழமை வருவதை நிறுத்திவிட்டான். "திருந்திட்டான்" என்று நினைத்தேன். உண்மையில், சூப்பர் மார்க்கெட்டில் பாட்டில் வாங்கி ரூமிலேயே தனியாகக் குடிக்க ஆரம்பித்திருந்தான். எனக்கும் அவனுக்கும் இடையில் நாலு ரயில் நிலையம்தான். நான் போய்ப் பார்க்கவில்லை. 2017-ல் ஒருநாள் காலை, சைட்டில் செய்த சோதனையில் மாட்டினான். வேலை போயிற்று. நம் விசா கம்பெனியோடு கட்டியது. வேலை போனால் வேறு தேட ஏறக்குறைய அறுபது நாள் தருவார்கள். கிடைக்கவில்லை. ஹீத்ரோவில் வழியனுப்பும்போது, "ஏல, நீ ஒருநாள் வந்து கதவத் தட்டிருக்கலாம்லா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் குளிர்காலத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல். இரண்டு வாரம் படுத்த படுக்கை. எங்கள் தெரு முனைப் பப்பில் செவ்வாய்க்கிழமை வினாடி வினா நடக்கும். ஐந்து பேர் கொண்ட எங்கள் குழுவில் நான் கிரிக்கெட்டுக்கும் கணக்குக்கும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்கள் தலைவர். நான் இரண்டு செவ்வாய் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அந்தப் பெரியவர், கையில் சூப் பாத்திரத்தோடு. அவருக்கு என் தெரு தெரியும், வீட்டு நம்பர் தெரியாது. "லைம் சோடா குடிக்கும் இந்திய எஞ்சினியர் வீடு எது?" என்று கேட்டு நாலு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

அவர் போன பிறகு அந்த சூப்பைக் குடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அன்று ராத்திரியே என் நண்பனுக்குப் போன் போட்டேன். நம் ஊரில் விடியற்காலை. எடுத்தான். அதற்குப் பிறகு வாரா வாரம் பேசுகிறோம். ஏ.ஏ. என்று குடியை விட்டவர்களே சேர்ந்து நடத்தும் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. அங்கே போக ஆரம்பித்தான். ஐந்து வருஷமாகத் தொடவில்லை.

2020 மார்ச் 20-ம் தேதி கொரோனாவுக்காகப் பப்களையெல்லாம் மூடச் சொன்னார்கள். ஜூலை 4-ம் தேதிதான் திரும்பத் திறந்தன. இடையில் வந்த ஒவ்வொரு செவ்வாயும் ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் ஐந்து பேருக்குள் போன் போனது. கேள்வி பதில் எல்லாம் சாக்கு. 'இருக்கியா' என்று கேட்பதற்காகத்தான்.

தம்பி தங்கைகளே, நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும், சென்னையோ பெங்களூரோ லண்டனோ, ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் கூடும் ஒரு இடத்துக்கு வாராவாரம் ஒரே நாளில் போங்கள். கிளாசுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது உங்கள் முடிவு, ரவுண்டின் முடிவாக விடாதீர்கள். "இன்னைக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்தால் யாரும் அடிக்கமாட்டார்கள், நான் பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். கூட வந்த நண்பன் திடீரென்று வராமல் போனால், போய்க் கதவைத் தட்டுங்கள். வீட்டு நம்பர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அம்மாவிடம் செய்த சத்தியம் இன்னும் அப்படியே இருக்கிறது. போன முறை ஊருக்கு வந்தபோது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பெரியவரு நல்லா இருக்காராய்யா?" என்றாள். நன்றாக இருக்கிறார் அம்மா. என் நண்பனும் நன்றாக இருக்கிறான். இதோ, இந்த ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறான்.