சாக்கடை சொல்லும் சாட்சி

(ஒரு வாலிபர் சங்க ஆண்டுவிழாவில் பேசியதன் சாரம்)



எனக்கு முன் பேசிய தோழர் சுத்தத்தைப் பற்றி வெகு அழகாகப் பேசிவிட்டார். நான் பேச வந்திருப்பதோ சாக்கடையைப் பற்றி. சிலர் சிரிக்கிறீர்கள், முன்வரிசையில் ஒருவர் மூக்கைக்கூடப் பிடித்துக்கொள்கிறார். நாம் ஒவ்வொருவரும் தினந்தோறும் கொடுப்பதைத்தான் சாக்கடை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து முகஞ்சுளிக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் டாக்டர் அல்ல. எட்டாவது வகுப்போடு நின்றுபோய், பிறகு கைக்குக் கிடைத்ததைப் படித்துத் தெரிந்துகொண்டவன். ஆகையால் நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். விசாரித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சற்று முன் ஒரு துண்டுச் சீட்டு மேடைக்கு வந்தது. "கண்ணால் காணாததை நம்பாதே என்கிறவர்கள் நீங்கள். கிருமியைக் கண்ணால் கண்டதுண்டா?" என்று எழுதியிருக்கிறது. நல்ல கேள்வி. ஆனால் கண்ணால் காணாததை நம்பாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பரீட்சைக்கு வராததை நம்பாதே என்றுதான் சொல்லுகிறேன். ஒரே புட்டித் தண்ணீரை இரண்டாகப் பிரித்து, ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேரிடம் இரண்டு ஊர்களில் கொடுத்து, இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால், அந்தப் பதிலில் ஏதோ உண்மை இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் குறிசொல்லியாவது இந்தப் பரீட்சைக்கு வருவாரா?

இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். கால் விளங்காத குழந்தையைப் பார்த்து, "அது போன ஜென்மத்துப் பாவம்" என்று சொல்லிவிட்டுப் போகிற பெரியவர்கள் நம் நாட்டில் நிறைய உண்டு. பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. அந்த வைரஸ் வாய் வழியாக உள்ளே போய்க் குடலில் பெருகி, மலத்தோடு வாரக்கணக்காக வெளியே வந்துகொண்டிருக்கிறது. இதில் உள்ள சூது என்னவென்றால், வைரஸ் புகுந்த சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் விழுகிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது. ஓடியாடித் திரிந்துகொண்டே பிறருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே கால் விழுந்த முதல் குழந்தை ஆஸ்பத்திரிக்கு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சர்க்கார் உட்கார்ந்திருந்தால், அதற்குள் இருநூறு பேரிடம் அது புகுந்திருக்கும். அந்த முதல் குழந்தையின் காலோ போனது போனதுதான்.

ஆஸ்பத்திரிக்கு வராத அந்த மற்றவர்களின் சங்கதியைச் சொல்லுவது சாக்கடை ஒன்றுதான். பல்லாயிரம் வீட்டுக் கழிவு வந்து சேருகிற இடத்தில், ஒரு யந்திரத்தை வைத்து இருபத்துநான்கு மணி நேரமும் கொஞ்சங் கொஞ்சமாகத் தண்ணீர் பிடிக்கிறார்கள். அதைச் சோதனைச்சாலையில் சுண்டவைத்தாற்போல் செறிவாக்கி, கண்ணாடிப் பாத்திரத்தில் வளரும் உயிரணுக்களின்மேல் விடுகிறார்கள். வைரஸ் இருந்தால் அவை சாகின்றன. பிறகு வைரஸின் பரம்பரை எழுத்தைப் படித்து, எந்த ஊரில் முன்பு அகப்பட்ட வைரஸுக்கு இது உறவு என்று, கையெழுத்தை ஒப்பிடுவது போல ஒப்பிடுகிறார்கள்.

இது நேற்று முளைத்த வித்தையும் அல்ல. 1940 வாக்கிலேயே அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த பால், டிராஸ்க் என்பவர்கள் சாக்கடைத் தண்ணீரில் போலியோ வைரஸ் இருப்பதைக் குரங்குகளைக்கொண்டு கண்டுபிடித்தார்கள். 1948 இல் மூர் என்பவர் எழுதியது இன்னும் ருசிகரமானது. பாராடைபாய்டு ஜுரம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல், காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணியைச் சுருட்டிச் சாக்கடையில் கட்டித் தொங்கவிட்டார். கிருமி அகப்பட்ட கிளையைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக மேலே போய், ஜுரமே இல்லாமல் கிருமியை மட்டும் சுமந்துகொண்டிருந்தவரின் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தார். செலவு எவ்வளவு? ஒரு துணிச் சுருளும் ஒரு கயிறும்!

இனி ராஹத் என்னும் ஊருக்கு வாருங்கள். அது இஸ்ரேலின் தெற்கே நெகேவ் பாலைவனத்தில் இருக்கும் பெதூயின் அராபியர்களின் ஊர். அந்த நாட்டில் 1988 இல் போலியோ கிளம்பி, அதன் பிறகு சாக்கடையைத் தவறாமல் சோதித்து வந்தார்கள். 2013 ஏப்ரலில் ராஹத்தில் எடுத்த தண்ணீரில் போலியோ வைரஸ் இருந்தது. எடுத்து வைத்திருந்த பழைய புட்டிகளைத் திரும்பப் பார்த்தால் பிப்ரவரியிலேயே இருந்திருக்கிறது. எழுத்தை ஒப்பிட்டதில், பாகிஸ்தான் வைரஸுக்கும், 2012 டிசம்பரில் கெய்ரோ சாக்கடையில் அகப்பட்டதற்கும் அது உறவு என்று தெரிந்தது. ஆனால் நாடு முழுவதும் தேடியும் கால் விழுந்த குழந்தை ஒன்றுகூட இல்லை.

இப்பொழுது அந்தச் சர்க்காரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நோயாளியே இல்லை; இருப்பது சாக்கடையின் சாட்சி மட்டுந்தான். அங்கே 2005 முதல் குழந்தைகளுக்கு ஊசி மட்டுமே போட்டு வந்தார்கள். அந்த ஊசி கால் விழாமல் காக்கும். ஆனால் குடலில் வைரஸ் பெருகுவதை அவ்வளவாகத் தடுக்காது. குடலில் தடுக்க வேண்டுமானால் வாயில் விடும் சொட்டு மருந்து வேண்டும். ஆகஸ்டில் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் தெற்கே, பிறகு நாடெங்கும், 9 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். "எங்கள் குழந்தைக்கு ஊசி போட்டாயிற்றே, இன்னும் ஏன்?" என்று கேட்ட பெற்றோர்களும் உண்டு. அது நியாயமான கேள்வி. அதற்குக் கிடைத்த பதில், உன் குழந்தைக்காக மட்டுமல்ல, உன் குழந்தை தொட்டு விளையாடும் கைக்குழந்தைக்காகவும் உன் வீட்டுக் கிழவிக்காகவுந்தான் என்பதாகும். அந்தத் தடவை ஒரு குழந்தைக்கும் கால் விழவில்லை.

"ஒன்றுமே நடக்கவில்லையே, வீண் செலவுதானே!" என்று சொல்லும் புத்திசாலிகள் எந்த நாட்டிலும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இரண்டாவது கதையைச் சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தில் ராக்லாண்ட் என்றொரு ஜில்லா. அங்கே 2022 ஜூனில் தடுப்பு மருந்தே எடுத்துக்கொள்ளாத ஒரு வாலிபருக்குக் கால் விழுந்தது. ஜூலையில் அது போலியோ என்று தெரிந்தது. உடனே சாக்கடையைப் பார்க்க ஓடினார்கள். கோவிட் நோய்க்காக ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த புட்டிகள் இருந்தன. அவற்றை எடுத்து போலியோவுக்குச் சோதித்தால், ராக்லாண்டில் மே மாதத்துப் புட்டியிலும், பக்கத்து ஆரஞ்சு ஜில்லாவில் ஏப்ரல் மாதத்துப் புட்டியிலும் வைரஸ்! அதாவது, அந்த வாலிபருடைய கால் விழுவதற்கு முன்னமேயே சாக்கடை சாட்சி சொல்லிவிட்டது. அந்தச் சாட்சி அலமாரியில் உட்கார்ந்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. ராக்லாண்டில் இரண்டு வயதுக்குள் மூன்று தவணையும் போட்டுக்கொண்ட குழந்தைகள் அப்பொழுது நூற்றுக்கு 60 பேர்தான். உலகத்துக்கே வைத்தியம் சொல்லிக்கொடுக்கும் தேசத்தின் கதை இது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்; ஒளித்தால் எனக்கும் புராணக்காரருக்கும் வித்தியாசமில்லை. ராக்லாண்டில் அகப்பட்டது, எங்கோ கொடுக்கப்பட்ட சொட்டு மருந்திலிருந்து கிளம்பிய வைரஸ். சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, ஆனால் பலவீனமாக்கப்பட்ட வைரஸ். மருந்து போட்டுக்கொள்ளாதவர்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் அது குடலுக்குக் குடல் தாவித் தாவி, அபூர்வமாகத் தன் பழைய பலத்தைத் திரும்பப் பெற்றுவிடுகிறது. 2022 இல் லண்டனில் பெக்டன் சாக்கடைச் சாலையில் அகப்பட்டதும் இந்த ஜாதிதான். அங்கே ஒரு நோயாளி வருவதற்கு முன்னமேயே, ஒன்று முதல் ஒன்பது வயது வரை உள்ள லண்டன் குழந்தைகளுக்கு மறு ஊசி கொடுத்தார்கள். மருந்தினால் வரும் கெடுதலையும் காட்டிக்கொடுத்தது அதே சாக்கடைதான். அதற்கு மருந்து கம்பெனியிடமும் தாட்சண்யம் இல்லை.

நம் நாட்டிலே? 2001 முதல் பம்பாய்ச் சாக்கடையைச் சோதித்து வந்திருக்கிறார்கள். அங்கே காட்டு வைரஸ் கடைசியாக அகப்பட்டது 2010 நவம்பரில். கடைசிக் குழந்தைக்குக் கால் விழுந்தது 2011 ஜனவரியில், வங்காளத்து ஹௌராவில். 2014 மார்ச்சில் இந்தியாவில் போலியோ ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் பத்திரம் கொடுத்தது. ஆக, நம்மவர்களுக்கும் இது தெரியாத வித்தை அல்ல.

"எங்கள் கிராமத்தில் குழாய்ச் சாக்கடையே இல்லையே, எங்களுக்கு யார் சாட்சி சொல்லுவார்கள்?" என்று ஒரு தோழர் கேட்கலாம். பாகிஸ்தான், நைஜீரியா போன்ற நாடுகளில் பல வீட்டுக் கழிவு சேரும் திறந்த வாய்க்காலிலேயே தண்ணீர் எடுக்கிறார்கள். குழாய் இல்லையென்பது சோதிக்காமலிருப்பதற்குச் சாக்காகாது. ஆனால் வீட்டுக்கு வீடு தொட்டி கட்டிய ஊரில் இது கஷ்டந்தான். மழை பெய்தால் தண்ணீர் கலந்து கணக்குக் கெட்டுப்போகும் என்பதும், ஒருதரம் அகப்படவில்லையென்றால் ஊரில் இல்லை என்று அர்த்தமாகாது என்பதும் வாஸ்தவமே.

இன்னொரு விஷயம். தண்ணீர் எடுப்பது யார்? இதற்கும் ஒரு ஜாதிக்காரனைத்தான் குழிக்குள் இறக்குவோம் என்றால், அப்படிப்பட்ட விஞ்ஞானம் நமக்கு வேண்டாம். மனிதன் மலம் அள்ளக்கூடாதென்று 2013 இல் சட்டம் செய்துவிட்டு, அதற்குப் பின்னும் குழிக்குள் செத்தவர்களை எண்ணிக்கொண்டிருக்கிற நாடு இது. ராஹத்தில் யந்திரம் எடுத்த தண்ணீரை இங்கே யந்திரம் எடுக்க முடியாதா? அன்றியும், கிருமி அகப்பட்ட தெருவைப் பார்த்து, "அந்தச் சேரியால்தான் வந்தது" என்று யாராவது வாயைத் திறந்தால், அக்கிரகாரத்துத் தண்ணீரும் அதே குழாயில்தான் போகிறது என்று சொல்லுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை நம் சங்கத்துத் தோழர்கள் ஐந்து பேர் முனிசிபல் ஆபீசுக்குப் போவதாக இருக்கிறோம். நம் ஊர்க் கழிவுநீரை எந்த நோய்க்காவது சோதிக்கிறார்களா, சோதித்தால் முடிவு யாரிடம் போகிறது, அதைப் பார்த்து இதுவரை என்ன செய்தார்கள் என்று எழுத்து மூலமாகக் கேட்கப் போகிறோம். கூட வர விரும்புகிறவர்கள் கூட்டம் கலைந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம், தாய்மார்களும் வரவேண்டும். பதில் எதுவாக இருந்தாலும், பதிலே வராமற்போனாலும், அதை அடுத்த கூட்டத்தில் இதே மேடையில் படிக்கிறோம்.