காற்று நின்ற அரைமணி நேரம்

கிண்டியில் நான் குடியிருக்கும் தெருவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் தேசியப் பூங்காவின் மதிற்சுவர் வந்துவிடும். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாலை வேளைகளில் அச்சுவரை ஒட்டி உலவி வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையை வர்தாப் புயல் தாக்கிற்று. மறுநாளும் நான் அப்பக்கம் சென்றேன். சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. வந்தவர்கள் எல்லோரும் எத்தனை மரங்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். நானோ அவை எந்தத் திசையில் விழுந்திருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சில மரங்கள் தெற்கு நோக்கிக் கிடந்தன. வேறு சில வடக்கு நோக்கிக் கிடந்தன. ஒரே நாள், ஒரே புயல். ஆயினும் எதிரெதிரான இரண்டு திசைகள்.

இதன் காரணத்தை நான் ஆசிரியப் பயிற்சி மாணவனாக இருந்தபோதே புத்தகத்தில் படித்துவிட்டேன். தேர்விலும் எழுதி மதிப்பெண் பெற்றேன். அதன் உண்மையான பொருள் எனக்கு விளங்கியது மட்டும் 1977-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ஓர் இரவில். அந்த இரவைப் பற்றியே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

அப்பொழுது எனக்கு வயது இருபது. நாகப்பட்டினம் அந்நாளில் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமாக அமைந்தது 1991-இல்தான். வேளாங்கண்ணியை அடுத்த ஒரு சிற்றூரில், தொடக்கப் பள்ளி ஆசிரியனாக நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கடல் ஊருக்குக் கிழக்கே இரண்டு மைல். மண் சுவரும் கீற்றுக் கூரையுமாகவே பெரும்பாலான வீடுகள் இருந்தன. தளம் போட்ட கட்டடம் என்று சொல்ல எங்கள் பள்ளிக்கூடம் ஒன்றே உண்டு.

ஒரு முதிய உழவர் தம் வீட்டுத் திண்ணையறையை எனக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு இரண்டு பசுக்களும் ஒரு கன்றும் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர். கடிதம் வந்தாலும், வரி ரசீது வந்தாலும், விதைப் பையில் ஏதேனும் அச்சடித்திருந்தாலும் என்னிடம் கொண்டு வந்து, "வாத்தியார் தம்பி, இதிலே என்ன போட்டிருக்கிறது, பாருங்கள்" என்பார். நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்வார். படித்தவன் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது அவருடைய எண்ணம். இளமையில் இத்தகைய நம்பிக்கை நமக்குப் பெருமையாகத் தோன்றுகிறது. அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது தோன்றுவதில்லை.

நவம்பர் 11-ஆம் நாள் வெள்ளிக்கிழமை. தீபாவளியை ஒட்டிய அமாவாசை. காலை முதலே வானம் ஈயத்தின் நிறமாக இருந்தது. வடக்கிலிருந்து காற்று விட்டு விட்டு வீசிற்று. திருச்சி வானொலி புயல் எச்சரிக்கையை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருப்பதாகச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். "கூண்டு நம்பர் என்றால் என்ன, தம்பி?" என்று பெரியவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. துறைமுகக் கூண்டுகள் 1 முதல் 11 வரை உண்டு என்பதையும், அவை கப்பல்களுக்காக ஏற்படுத்தப்பட்டவை என்பதையும், 11-ஆம் எண் கூண்டு 'எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பே அற்றுவிட்டது' என்பதைக் குறிக்கும் என்பதையும் பின்னாளில்தான் அறிந்தேன்.

மாலைக்குள் குழந்தைகளையும் பெண்களையும் பள்ளிக்கூடத்திற்கு அழைத்து வந்துவிட்டோம். பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். மாடுகளைக் கொட்டிலில் கட்டிவிட்டு வந்ததுதான் அவருக்கு மனக்குறை.

இரவு ஏற ஏறக் காற்றும் ஏறிற்று. அதை ஓசை என்று சொல்வதா, உறுமல் என்று சொல்வதா, தெரியவில்லை. நாங்கள் வடபுறத்துச் சன்னல்களுக்குப் பலகைகளை முட்டுக் கொடுத்து, அவற்றின்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தோம். தென்னைகள் முறியும் சத்தம் கேட்டது. ஓர் அரிக்கேன் விளக்கு. அதுவும் அணைந்து அணைந்து எரிந்தது. குழந்தைகள் அழுது ஓய்ந்துவிட்டார்கள்.

விடியலுக்கு முன், திடீரென்று காற்று நின்றது.

படிப்படியாகக் குறையவில்லை, நேயர்களே; கதவைச் சாத்தியது போல நின்றது. மழையும் விட்டது. கதவைத் திறந்தோம். மேகம் விலகிய இடத்தில் சில நட்சத்திரங்கள் தெரிந்தன. அதுவரை கேளாத கடலின் இரைச்சல் தெளிவாகக் கேட்டது. பெண்கள் கைகூப்பிக் கும்பிட்டார்கள். பெரியவர் என் அருகில் வந்தார்.

"வாத்தியார் தம்பி, காற்று அடங்கிவிட்டதா? மாட்டைப் போய்ப் பார்த்து வரலாமா?"

"அடங்கிவிட்டது ஐயா. போய் வாருங்கள்" என்றேன்.

புயலின் நடுவே 'கண்' என்றொரு பகுதி உண்டு. அங்கே காற்று இராது. அது கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து முன்போலவே கடுங்காற்று வீசும். இதைப் படமெழுதி விளக்கியவன் நான். அந்தப் படம் அப்பொழுது என் நினைவுக்கு வரவில்லை. ஏறத்தாழ அரைமணி நேரம் சென்றிருக்கும். தெற்கே ஏதோ ரயில் வருவது போன்ற பேரொலி எழுந்தது. அப்பொழுதுதான் நினைவு வந்தது. பெயர் சொல்லிக் கூவிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வெளியே கால் வைக்க முடியவில்லை. இரண்டு பேர் என்னைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

பொழுது நன்றாகப் புலர்ந்து, காற்று சிறிது தணிந்த பிறகே வெளியே செல்ல முடிந்தது. வடகாற்றுக்கு அசைந்து கொடுத்திருந்த கொட்டிலின் மண்சுவர், தென்காற்றுக்கு அடியோடு சரிந்திருந்தது. பெரியவர் அதன் கீழே இருந்தார். அவர் கையில் அரிவாள் இருந்தது. மாடுகளின் கயிறுகளை அறுத்துவிட்டிருந்தார். பசுக்கள் இரண்டும் கன்றும் தொலைவில் நீரில் நின்றுகொண்டிருந்தன.

அவர் மனைவியிடம் நான் நடந்ததைச் சொன்னேன். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த அம்மாள் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "காற்று நின்றது உண்மைதானே தம்பி, நீ என்ன செய்வாய்?" என்றார். அவர் ஏசியிருந்தால் என் சுமை சற்றுக் குறைந்திருக்கும்.

அப்புயல் நவம்பர் 12 விடியலுக்கு முன், நாகப்பட்டினத்திற்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டருக்குள் கரையைக் கடந்ததாக வானிலைத் துறையினர் கணித்தனர். 560 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் மக்கள் வீடிழந்தார்கள். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19-இல், மற்றொரு புயல் ஆந்திரத்தின் திவிசீமையில் கடலையே ஊருக்குள் கொண்டு வந்தது. அங்கே மாண்டவர்கள் பல்லாயிரவர். அந்நாளில் நம் கடற்புயல்களுக்குப் பெயர் இல்லை. வங்கக் கடல் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கம் 2004-இல்தான் தொடங்கிற்று.

அதன் பின் நான் பல ஊர்களில் பணியாற்றினேன். மேற்படிப்புப் படித்துத் தலைமையாசிரியனாகவும் ஆனேன். எங்கே இருந்தாலும், ஆண்டுதோறும் ஐப்பசி மாதம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது ஒரு நாள் வகுப்பைப் புயலுக்கென்று ஒதுக்கிவிடுவேன். பாடத்திட்டத்தில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஒரு தட்டில் நீரை ஊற்றிச் சுழற்றிக் காட்டுவேன். 1848-இல் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை அமைத்த கதையைச் சொல்வேன். பிறகு ஒரு கணக்குப் போடச் சொல்வேன். 'புயலின் கண் 20 கிலோமீட்டர் அகலம். புயல் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. கண் ஓர் ஊரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்?' பிள்ளைகள் ஒரு மணி என்பார்கள். 'ஊர், கண்ணின் ஓரத்தில் இருந்தால்?' என்பேன். அரைமணி, கால்மணி, பத்து நிமிடம் என்று விடைகள் வரும். 'அந்த நேரத்தில் வீட்டுக்கு வெளியே யாரும் செல்லலாகாது. இதை இன்றிரவே தாத்தாவிடமும் பாட்டியிடமும் சொல்லிவிட்டு, நாளை வந்து எனக்குச் சொல்ல வேண்டும்' என்பதே அவர்களுக்கு நான் இட்ட வீட்டுப்பாடம்.

இனி, வர்தாப் புயலன்று நடந்ததற்கு வருகிறேன். காலை முதல் வடதிசைக் காற்று எங்கள் தெருவின் தூங்குமூஞ்சி மரங்களை முறித்துப் போட்டது. பிற்பகலில் அது சட்டென்று அடங்கிற்று. என் நெஞ்சு நடுங்கத் தொடங்கிவிட்டது. எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒவ்வொருவராகக் கீழே இறங்கி வந்தார்கள். ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிள் சாவியோடு வந்தார். குழந்தைக்குப் பால் வாங்க வேண்டுமாம். நான் வாயிற்கதவைத் தாழிட்டு அதன்முன் நின்றுகொண்டேன்.

"காற்றுதான் நின்றுவிட்டதே சார்!" என்றார் அவர்.

"நிற்கவில்லை. பாதிதான் வந்திருக்கிறது. மீதி தெற்கிலிருந்து வரும். எல்லாரும் மேலே போங்கள்" என்றேன். முப்பது ஆண்டு வகுப்பில் பேசிய குரல் அது. சிலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் போனார்கள். பால் எங்கள் வீட்டில் இருந்தது, கொடுத்தேன். சிறிது நேரத்தில் தெற்கிலிருந்து காற்று எழுந்தது. எதிர்ச்சாரியிலிருந்து பெரிய கிளை ஒன்று பெயர்ந்து வந்து, வாயிற்கதவின்மேல் விழுந்தது. அன்று இரவு நான் அழுதேன். என் மனைவிக்கு மட்டும் காரணம் தெரியும்.

நேயர்களே! இன்று செயற்கைக்கோள்கள் உள்ளன. சென்னைத் துறைமுகத்தில் 2002-இல் டாப்ளர் ராடார் நிறுவப்பட்டது. புயல் எங்கே, எப்பொழுது கரை கடக்கும் என்பதைப் பல மணி நேரம் முன்னரே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் காற்று நின்ற வேளையில் கதவைத் திறக்கலாமா என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்பது உங்களைத்தான். காற்று சிறிது சிறிதாகக் குறைந்து, மெல்லத் திசை மாறினால் புயல் விலகுகிறது என்று கொள்ளலாம். கடுங்காற்று சட்டென்று நின்றால், அது பாதிப் புயலே. வானிலை நிலையம் புயல் கடந்துவிட்டது என்று அறிவிக்கும்வரை வெளியே செல்லாதீர்கள். மாட்டைக் கட்டிப் போடாமல் முன்கூட்டியே அவிழ்த்து மேட்டு நிலத்துக்கு ஓட்டிவிடுங்கள். பாலையும் மருந்தையும் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

இதைக் கேட்டவர்கள், கேளாத ஒருவருக்காவது இன்றே சொல்லுங்கள்.