எழுதப்படும் எட்டுகள்



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

மதீனாவில் ஓர் அன்ஸாரித் தோழர் இருந்தார். நபிகளாரின் பள்ளிவாசலுக்கு அவருடைய வீட்டைவிடத் தொலைவில் வேறு எவருடைய வீடும் இல்லை. ஆயினும் ஒரு தொழுகையையும் அவர் தவறவிட்டதில்லை. இரவின் இருளிலும் பகலின் சுடுமணலிலும் ஏறி வருவதற்கு ஒரு கழுதையை வாங்கிக்கொள்ளலாமே என்று அவரிடம் கூறப்பட்டது. அவரோ, பள்ளிவாசலுக்கு நடந்து வருவதும், வீட்டுக்கு நடந்து திரும்புவதும் தமக்காக எழுதப்பட வேண்டும் என்பதே தம் விருப்பம் என்றார். இதையறிந்த அண்ணலார் (ஸல்) அவர்கள், அவை அனைத்தையும் அல்லாஹ் அவருக்காகச் சேர்த்துவிட்டான் என்று நற்செய்தி கூறினார்கள். உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்வு முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது.

இப்போது நமது நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிவாசலுக்கு வரவும் நமக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்படுகிறது. வாசலில் வண்டிகள் பெருகப் பெருக, உள்ளே பின்வரிசையில் நாற்காலிகளும் பெருகி வருகின்றன. இயலாதவர் அமர்ந்து தொழுவதற்கு மார்க்கம் அனுமதி வழங்கியுள்ளது. அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் 45 வயதிலேயே நெற்றியைத் தரையில் வைக்க முழங்கால் இடம் தராத நிலை ஏன் வருகிறது என்பதை நாம் சிந்திக்க வேண்டாமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி, 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் சர்க்கரை நோயாளிகள் என்று மதிப்பிட்டது. நம் வீடுகளில் அந்நோய் நுழையாத வீடு எது?

உடலுக்கும் உரிமை உண்டு

பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை அழைத்து, உம் உடலுக்கும் உம்மீது உரிமை இருக்கிறது என்று உணர்த்தினார்கள் நபிகளார். வணக்கத்தின் பெயராலேயே உடலின் உரிமையைப் பறிக்கக் கூடாது எனில், சோம்பலாலும் வரம்பில்லா உணவாலும் அதைப் பறிப்பது எவ்வாறு தகும்? இவ்வுடல் நமக்குச் சொந்தமன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

தொழுகையே உடற்பயிற்சிதானே, வேறு பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. தொழுகையில் உடல் அசைவும் நன்மையும் இருப்பது உண்மை. ஆனால் அது உடற்பயிற்சிக்காகக் கடமையாக்கப்பட்டதன்று, அது வணக்கம். நபித்தோழர்கள் ஐவேளையும் தொழுதார்கள். அத்துடன் தோட்டத்தில் உழைத்தார்கள், சுமை தூக்கினார்கள், நெடுந்தொலைவு நடந்தார்கள். நாம் தொழுகையை மட்டும் வைத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டோம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு தேவை. அதாவது, வாரத்தில் ஐந்து நாள்கள், நாளுக்கு அரைமணி நேர விரைவு நடை. நடக்கும்போது பேச முடிய வேண்டும். ஆனால் நீளமாக ஓதிக்கொண்டே வர மூச்சு இடம் தரக் கூடாது. அதுவே சரியான வேகம். பள்ளிவாசல் பத்து நிமிட நடைத் தொலைவில் இருந்தால், ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் நடந்து சென்று திரும்புவதிலேயே நாளுக்கு நாற்பது நிமிடங்கள் கிடைத்துவிடும். தொழுகைக்கு ஓடி வராமல் அமைதியாக வருமாறு நபிகளார் பணித்துள்ளார்கள். எனவே போகும்போது நிதானமாகச் செல்லுங்கள். திரும்பும்போது வேகமாக நடங்கள்.

பெண்களை மறந்துவிடாதீர்கள்

ஒரு பயணத்தின்போது அண்ணலார் (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள், அன்னையார் வென்றார்கள். பின்னொரு நாளில் அன்னையாரின் உடல் பருத்திருந்தபோது மீண்டும் ஓடினார்கள். அப்போது நபிகளார் வென்று, முன்னதற்கு இது ஈடு என்று கூறி மகிழ்ந்தார்கள். அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது. அப்போது அண்ணலாரின் வயது ஐம்பதைக் கடந்திருந்தது என்பதை ஆண்கள் கவனிக்க வேண்டும்.

நாமோ மருத்துவர் சொன்ன பிறகு நாம் மட்டும் நடக்கச் செல்கிறோம். அடுப்படியில் பல மணி நேரம் நின்றே முழங்கால் தேய்ந்த மனைவியை, வீட்டு வேலையே அவளுக்குப் போதும் என்று விட்டுவிடுகிறோம். நிற்பது வேறு, நடப்பது வேறு. சுப்ஹு தொழுத பின் மனைவியையும் தாயாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு வழியில்லையெனில் மொட்டைமாடியிலாவது நடக்கட்டும். தெருப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து நடந்தாலும் நன்றே.

கோடை விடுமுறையில்

பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட ஓடியாடும் விளையாட்டு தேவை என்கிறது அதே வழிகாட்டுதல். அஸ்லம் கூட்டத்தார் அம்பெய்து பழகிக்கொண்டிருந்த இடத்தைக் கடந்த நபிகளார், அவர்களைத் தடுக்கவில்லை; ஊக்கமளித்ததோடு, தாமும் ஓர் அணியுடன் இருப்பதாகச் சொன்னார்கள். விடுமுறை முழுவதும் கைப்பேசியைக் கையில் கொடுத்துப் பிள்ளையை அறையில் அமர்த்துவது, தொல்லையின்மை போலத் தோன்றலாம். பின்னர் அதுவே பெருந்தொல்லையாகும்.

ஆனால் கோடையில் கவனமும் வேண்டும். காலை ஏழு மணிக்குள்ளும், அஸருக்குப் பின்னரும் விளையாட விடுங்கள். உச்சி வெயிலைத் தவிருங்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீரோ மோரோ கொடுங்கள். தலைசுற்றலும் குமட்டலும் கண்டால் நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்துக் குளிர்வியுங்கள். பேச்சில் தடுமாற்றமோ மயக்கமோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நீச்சல் கற்றுக்கொடுங்கள், ஆனால் பெரியவர் துணையின்றிக் குளத்திற்கோ கிணற்றுக்கோ அனுப்பாதீர்கள். ஒவ்வொரு விடுமுறையிலும் நீரில் பறிபோகும் இளம் உயிர்களின் ஜனாஸா, பெற்றோருக்குத் தாங்க இயலாத சுமை.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு சொல்: வெயிலில் காய்ந்த பள்ளிவாசல் முற்றத்தில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால், சுட்டது தெரியாமலே கொப்புளம் புண்ணாகிவிடும். ஜமாஅத்தினர் முற்றத்தில் விரிப்பு போட்டு வைப்பது அவர்களுக்குச் செய்யும் பேருதவி. நடைக்குச் செல்லும்போது சட்டைப்பையில் சிறிது இனிப்பு இருக்கட்டும். நெஞ்சில் வலி வருமானால் நடப்பதை உடனே நிறுத்தி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அன்பர்களே! ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்ற ஆசை நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் இருக்கிறது. அதற்காகப் பணம் சேர்க்கிறோம். ஸஃபா, மர்வா இடையே ஏழு முறை நடக்கும் தொலைவு மட்டுமே சுமார் 3 கிலோமீட்டர். பணம் சேர்ந்த நாளில் கால்கள் இல்லாமல் போனால் என் செய்வது? பணத்தோடு கால்களையும் சேர்த்து வைப்போம். இன்று இஷாவுக்கு வண்டிச் சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டு, நிய்யத்துடன் முதல் எட்டை வைப்போம்.

இறுதிவரை தன் முன் நின்றும் குனிந்தும் சிரம் பணிந்தும் வணங்கும் வலிமையை, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் குடும்பத்தாருக்கும் வழங்குவானாக! நோயுற்றோருக்கு முழு ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.