வாத்தியார் பென்னிகுவிக்



இன்று பட்டம் வாங்கும் சிவில் துறை மாணவர்களே, உங்களில் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு நான் பேசப்போகும் மனிதரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கலன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். அவர் பிறந்ததும் ஜனவரி 15. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக். அந்த அணையைத் திறந்த மறு ஆண்டே அவர் ஒரு பொறியியல் கல்லூரியின் தலைவர் ஆனார் என்பது, அவரைக் கும்பிடும் ஊர்களில்கூடப் பலருக்குத் தெரியாது. அந்த வாத்தியாரைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

பூனாவில் 1841-இல் பிறந்தவர். ராணுவக் குடும்பம். 1849-இல் சிலியன்வாலா போரில் தந்தையும் அண்ணனும் ஒரே களத்தில் இறந்தார்கள். அப்போது அவருக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. அந்தப் பையனும் அதே வழியில்தான் போனான். கிழக்கிந்தியக் கம்பெனி அடிஸ்கோம்பில் நடத்திய ராணுவப் பள்ளியில் படித்து, 1858-இல் மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகி, 1860-இல் இந்தியா வந்தார். அபிசீனியப் போருக்கும் போய்த் திரும்பினார். மற்றபடி அவர் உழைப்பெல்லாம் பொதுப்பணித்துறையில் கழிந்தது.

ராணுவத்தான் கட்டடக்கலை கற்பிப்பது அந்தக் காலத்தில் புதிதல்ல; ராணுவக் கலையும் கட்டடக்கலையும் ஒரே படிப்பாகவே இருந்தன. ஜெர்மனியில் ஹாலே என்றொரு நகரம். அங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்ன கிறிஸ்டியான் வோல்ஃப் 1710-இல் வெளியிடத் தொடங்கிய கணிதப் பாடநூலைப் புரட்டினால், வீடு கட்டும் கலை, பீரங்கி, கோட்டை அரண், நீரியல் எல்லாம் ஒரே படிப்பின் பகுதிகளாக வருகின்றன. நம் ஊரில் 1794-இல் ஜார்ஜ் கோட்டையில் தொடங்கிய சர்வே பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. ரூர்க்கியில் 1847-இல் தொடங்கிய கல்லூரிக்கு முதல் முதல்வர் ராபர்ட் மக்ளகன், வங்காள எஞ்சினியர்ஸ் படையின் லெப்டினன்ட். நீங்கள் இன்று வாங்கும் பட்டத்தின் பூர்வீகம் பாசறையில் இருக்கிறது.

இனி பெரியாற்றுக்கு வருகிறேன். மேற்கே போய்க் கடலில் விழும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பும் யோசனை பென்னிகுவிக்குக்குச் சொந்தமானதல்ல. ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே ஆட்களை மலைக்கு அனுப்பி இடம் பார்க்கச் சொன்னார். 1808-இல் ஜேம்ஸ் கால்டுவெல் நேரில் பார்த்து, நடக்காத காரியம் என்று எழுதினார். 1850-இல் ஃபேபர் வேலையைத் தொடங்கினார். காய்ச்சலும் கூலித் தகராறும் சேர்ந்து நிறுத்திவிட்டன. 1860-களில் ரைவ்ஸ் மண் அணைக்குத் திட்டம் போட்டார். 1876-இன் பெரும்பஞ்சம் தென் மாவட்டங்களைத் தின்றபின், 1882-இல் பென்னிகுவிக் கையில் அந்த வேலை வந்தது.

இந்த வரிசையை நான் பல முறை யோசித்ததுண்டு. ஏறக்குறைய நூறு ஆண்டு. எத்தனையோ பேர் மலையேறித் தோற்று இறங்கினார்கள். ஆனால் தோற்றவர்கள் எழுதிவைத்தார்கள். பள்ளத்தாக்கின் ஆழம் எங்கே, எந்த மாதத்தில் காய்ச்சல் வரும், ஆள் ஏன் நிற்கமாட்டேன் என்கிறான் என்பதெல்லாம் கோப்பில் கிடந்தது. மண்ணை விட்டுக் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் சுர்க்கிக்கும் அவர் போனது, தனக்கு முன் வந்தவர்கள் போட்ட திட்டங்களை எடைபோட்ட பிறகுதான்.

1887-இல் வேலை தொடங்கியது. தற்காலிக அணைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மீண்டும் கட்டினார்கள், மீண்டும் போனது. மலேரியாவிலும் காலராவிலும் இறந்த நூற்றுக்கணக்கானவர்கள் அணைக்குப் பக்கத்திலேயே புதைந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்க் கூலிக்காரர்கள். அவர்களுக்கு மணிமண்டபம் இல்லை. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தபோது, ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரத்துக்கு அணை நின்றது. ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே இறங்கியது. சொத்தை விற்று அணை கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். அது மக்கள் தங்கள் நன்றிக்குக் கொடுத்த வடிவம். அந்தக் கதை இல்லாவிட்டாலும் அவர் பெரிய மனிதர்தான்.

1896-இல் கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த ராயல் இந்திய பொறியியல் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். இந்தியப் பொதுப்பணித்துறைக்கு எஞ்சினியர்களைத் தயார்செய்ய லண்டனுக்கு மேற்கே 1870-களின் தொடக்கத்தில் திறந்த கல்லூரி அது. அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயப் பையன்கள். எந்த நாட்டு ஆறுகளுக்காக அந்தக் கல்லூரி இருந்ததோ, அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அதன் வாசல் மிகக் குறுகலாக இருந்தது. இந்த அநியாயத்தை மறைத்துவிட்டு நான் அவரைப் புகழ மாட்டேன்.

ஆனாலும் அந்த ஆண்டுகளில் அவர் செய்த ஒன்றை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிறேன். கல்லூரித் தலைவராக இருந்த 1897-இல், பெரியாற்றைத் திருப்பிய வேலையைப் பற்றி லண்டன் சிவில் எஞ்சினியர்கள் சங்கத்தின் வெளியீட்டில் விரிவாக எழுதினார். கூடவே வேலை பார்த்த மெக்கன்சி 1899-இல் இந்தத் திட்டத்தின் வரலாற்றைத் தனி நூலாக்கினார். அணை எழும்பி நாலு வருஷத்துக்குள் அதன் கஷ்டநஷ்டங்கள் படிக்கக் கிடைத்தன. பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைப் பார்த்து யோசனை சொல்ல பென்னிகுவிக் ஆஸ்திரேலியாவுக்கும் போனார். 1911-இல் காலமானார். கல்லூரி 1906-லேயே மூடப்பட்டிருந்தது. எழுதியவை இருக்கின்றன.

மாணவர்களே, இன்று நம் ஊரில் சிவில் படித்துவிட்டு ஆசிரியராகப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், வேறு வேலை கிடைக்கவில்லையா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. இன்னொரு பக்கம், முப்பது வருஷம் மதகும் கலுங்கும் பாலமும் கட்டிய எஞ்சினியர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவரை எந்தக் கல்லூரியும் கூப்பிடுவதில்லை. சிறு வயதிலேயே முனைவர் பட்டம் வாங்கிய ஆசிரியர் அடித்தளம் பற்றி அருமையாகப் பாடம் நடத்துகிறார்; ஆனால் தோண்டிய குழியில் ராத்திரி ஊற்று பொங்கும்போது மேஸ்திரி முகத்தைப் பார்த்தவர் அல்ல. இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்க நமக்கு இன்னும் தெரியவில்லை. ஓர் அணைக்காரரைக் கல்லூரித் தலைவராக வைத்த அந்தக் காலத்து வழக்கத்தில் எனக்குப் பிடித்த அம்சம், களத்தையும் வகுப்பறையையும் அது ஒன்றாக உட்காரவைத்ததுதான்.

நீங்கள் நாளை சைட்டுக்குப் போவீர்கள். லெவல் தப்பும். கான்கிரீட் தேன்கூடு விழும். எஸ்டிமேட்டில் இல்லாத பாறை வரும். எம்-புக்கில் அளவு மட்டும்தான் ஏறும். ஏன் தப்பியது என்பது அதில் ஏறாது. அதை நீங்கள் தனியாக ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். முதல் வேலை முடிந்ததும் அந்த நோட்டோடு இந்தக் கல்லூரிக்கு வாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம், தப்பியதை மட்டும் சொல்லுங்கள்.

துணைவேந்தர் அவர்களிடமும் துறைத்தலைவரிடமும் ஒரு வேண்டுகோள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வரும் பருவத்திலேயே கால அட்டவணையில் இடம் ஒதுக்குங்கள். முதல் ஆளாக வந்து பேச நான் தயார்.