ஆய்வக முடிவு சரியாக வர, கரைப்பான் சரியாக இருக்க வேண்டும்

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில், ஆய்வகத் தொழில்நுட்பமும் மருந்தியலும் படிக்கும் மாணவர்களுக்கு ஆற்றிய உரை)

 

ஒரு நோயாளியின் இரத்தத்திலும் சிறுநீரிலும் என்ன மருந்து இருக்கிறது என்று எழுதித் தருவது ஓர் அமானிதம். அந்தத் தாளை நம்பித்தான் டாக்டர் அடுத்த ஊசியைத் தீர்மானிக்கிறார்.

மருந்தை எப்படிப் பிரித்தெடுக்கிறோம்? சிறுநீரைக் காரத்தன்மை ஆக்கி, அதோடு குளோரோபார்ம் போன்ற ஒரு கரைப்பானைச் சேர்த்துக் குலுக்குகிறோம். மருந்து கரைப்பானுக்குள் போய்விடும். கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சியதைக் கருவியில் வைக்கிறோம். 100 மில்லி கரைப்பான் 1 மில்லியாகச் சுண்டும்போது, ஆவியாகாத அழுக்கும் நூறு மடங்கு கூடிவிடும்.

குளோரோபார்மில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிச்சமும் காற்றும் பட்டால் அதில் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே நச்சு வாயுதான். அதைத் தடுக்கவே பழுப்பு நிறச் சீசாவில் அடைத்து, 0.5 முதல் 1 சதவீதம் வரை எத்தனாலும் சேர்க்கிறார்கள். எத்தனால் பாஸ்ஜீனைப் பிடித்துவிடும். ஆனால் பாதி வழியில் எத்தில் குளோரோபார்மேட் என்ற பொருள் உண்டாகிறது. அதுவும் சும்மா இருப்பதில்லை.

கடும் வலிக்குப் போடும் பெத்திடின் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரல் அதை நார்பெத்திடினாக மாற்றுகிறது. சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் நார்பெத்திடின் தேங்கும். நடுக்கமும் வலிப்பும் வரும். நார்பெத்திடினின் நைட்ரஜனில் ஒரு ஹைட்ரஜன் இருப்பதால், எத்தில் குளோரோபார்மேட் அதோடு ஒட்டி வேறு பொருளாக்கிவிடுகிறது. பெத்திடினில் அந்த ஹைட்ரஜன் இல்லை, அது தப்பிக்கிறது. ஆக, கருவி பெத்திடினைக் காட்டும். வலிப்புக்குக் காரணமானதைக் குறைத்துக் காட்டும். கருவியில் கோளாறு இல்லை, வேலை செய்தவர் கையிலும் பிழை இல்லை. பிழை சீசாவில் இருந்தது.

எத்தனாலுக்குப் பதிலாக அமிலீன் சேர்த்த குளோரோபார்மும் கிடைக்கிறது. ஆனால் எத்தனால் போனால் கரைக்கும் திறனும் சற்று மாறும். ஒன்றுக்கு வகுத்த முறையைச் சோதிக்காமல் மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஈதரும் அப்படித்தான்: பழசானால் பெராக்சைடு உண்டாகி மருந்தைச் சிதைக்கும்; அதைத் தடுக்கச் சேர்க்கும் பி.எச்.டி. கருவியில் தானே ஒரு மருந்து போலத் தலைகாட்டும்.

மாணவர்களே, நான்கு பழக்கங்கள் போதும். சீசாவின் லேபிளில் எந்த நிலைப்படுத்தி என்று படியுங்கள். திறந்த தேதியை அதன் மேல் எழுதுங்கள். மருந்தில்லாத மாதிரியை ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள்; இல்லாதது தோன்றினால் அது காட்டிக்கொடுக்கும். தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்து, எவ்வளவு திரும்பி வருகிறது என்றும் பாருங்கள்; இருந்தது காணாமல் போவதை இது மட்டுமே காட்டும்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு நோயாளிக்குப் போட்ட ஊசி, கொடுத்த மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிப் பரிசோதனைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் நிலைக்கும் முடிவுக்கும் பொருத்தமில்லை என்றால் மறுபரிசோதனை கேளுங்கள். அது யாரையும் குறை சொல்வதாகாது.