இளவேனிலில் வீடும் கொல்லையும்



தையில் நெல்லறுப்பும் பங்குனிக்குள் பயறெடுப்பும் முடிந்து, சித்திரை, வைகாசியில் குடியானவருக்கு வயல்வேலை குறைந்துவிடுகிறது. எனினும், ஆடிப்பட்டத்துக்கு வேண்டிய விதையும் எருவும் இந்த இளவேனிலிலேயே கைவசமாகவேண்டும். இப்பொழுது வாளாவிருப்பவர் ஆடியில் இரண்டையும் விலைக்கு வாங்குகிறார். கையில் ரொக்கமில்லாவிடில் அங்கேயே கடன் பிறக்கிறது.

முதலாவது விதை. துவரை, உளுந்து, தட்டைப்பயறு முதலியவற்றில் திரண்ட மணிகளாகப் பொறுக்கி, நன்கு வெயிலில் உலர்த்தி ஆறவிட்டு, சலித்த சாம்பலுடன் கலந்து பானையிலிட்டு வாயை மெழுகிவிடவேண்டும். பயறின்மேல் வண்டு முட்டையிடும். புழு உள்ளே துளைத்துத் தின்னும். இடையெல்லாம் சாம்பல் நிறைந்திருந்தால் வண்டு நடமாட இடமிராது. விதைக்குமுன் நூறு மணிகளை ஈரத்துணியில் முடிந்துவைத்தால், எத்தனை முளைக்குமென்பது நாலைந்து நாளில் தெரிந்துவிடும்.

இரண்டாவது எரு. ஆல்பர்ட் ஹோவார்டு என்ற விவசாய நிபுணர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது, குப்பையை மூன்று மாதத்தில் நல்ல எருவாக்கும் முறையை வகுத்தார். மூன்றடிக்கு மேற்படாத குழியில் சருகு, சாணம், கோமியம் ஊறிய மண், சிறிது சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரம் காயாமல் தெளித்து, மும்முறை புரட்டிவிடவேண்டும். காற்றுப் புகாத குப்பை மட்காமல் நாறும். சித்திரை முதலில் குழி நிரப்பினால் ஆடி பிறக்கையில் எரு தயார்.

மூன்றாவது வீட்டுக் கழிவுநீர். தெருவில் தேங்கிக் கொசுவை வளர்க்கும் இந்நீரைச் சிறு வாய்க்காலாகக் கொல்லைக்குத் திருப்பலாம். குளித்த நீர் வாழைக்கும், அரிசி காய்கறி கழுவிய நீர் கீரைப்பாத்திக்கும் போகட்டும். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வரும்.

இது அற்பமான காரியமன்று. கோடையில் அடுக்களை வறண்டால் விதைப்பானையில் கைவைக்க நேரிடும். விதையை உண்ட வீடு வரும் பட்டத்தையும் சேர்த்து உண்டதாகும். பானையைக் காத்துவரும் தாய்மாருக்கு இது நன்கு தெரியும். ஆகவே கொல்லைக்கு நீர் திருப்பும் வேலையில் ஆண்மக்களும் கைகொடுக்கவேண்டும்.

1904-ம் வருஷத்து ஐக்கிய நாணயச் சங்கச் சட்டம் சிக்கனம், சுய உதவி, பரஸ்பர உதவி ஆகியவற்றை வளர்க்கவே ஏற்பட்டது. கடன் வழங்குவது மட்டுமே சங்கத்தின் வேலையன்று. கடனுக்கு அவசியமில்லாமற் செய்வதும் அதன் வேலையே. விதை மிஞ்சியவர் இல்லாதவருக்குக் கொடுத்து, அறுப்பில் திரும்பப் பெறலாம். தனியே குழிவெட்ட இயலாதவருக்கு அண்டைவீட்டார் ஒருநாள் உழைப்பை உதவலாம். வரும் சங்கக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு விதைப்பானையையும் எருக்குழியையும் பற்றி எடுத்துச் சொல்வார்களாக.