நாற்றும் நம் பாட்டும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நாட்டுப்புறப் பாடல்களில் இயற்கை வெறும் அழகுக்காக வருவதன்று. நம் முன்னோர் ஏற்றம் இறைத்தபோது, இறைத்த சாலைக் கணக்கிட்டுக்கொண்டே பாடினர். உழைத்த கையே அறிந்த இயற்கை அது.

நடவுப் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி முதலடியைப் பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடியவாறே நடுவர். அவர்கள் கையில் இருப்பது நாற்று. நாற்றங்காலில் ஒன்றாக வளர்ந்த பயிரைப் பிடுங்கி, முடிகளாகக் கட்டி, வேறொரு வயலின் சேற்றில் ஊன்றுகின்றனர். வேர் அறுந்த பயிர் சில நாள் வெளுத்து வாடும். பின்னர்ப் புதுவேர் விட்டுப் பச்சை பிடிக்கும்; தூர் கட்டும்; ஒரு நாற்று பல கதிராகும். புகுந்த வீடு சென்ற பெண்ணும், பிழைப்புத் தேடி ஊர் பெயர்ந்த குடும்பமும் தம் வாழ்வை அதில் கண்டது இயல்பே அன்றோ? சிற்றூர்களை விட்டு வந்து, திரிசூலத்திலும் பல்லாவரத்திலும் கல் உடைத்து, தாம்பரம் வட்டாரத்தில் வேரூன்றிய நம்மவரும் அத்தகைய நாற்றுகளே.

ஆனால் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. நட்டவர் நாம், நிலமோ பிறருடையது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891ஆம் ஆண்டில் அரசுக்கு அளித்த அறிக்கை, நிலமும் குடியிருப்பு மனையும் இன்றி நம் மக்கள் பட்ட துயரை எடுத்துரைத்தது. அதன் பயனாகவே பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. எனவே, வாடிய பயிர் தழைப்பதைப் பாடுவது, எதையும் பொறுத்துக் கிட என்னும் அறிவுரை அன்று. நாற்று தன்னைப் பிடுங்கியவரைக் கேள்வி கேளாது, மனிதன் கேட்பான். கேட்கும் ஆற்றலைத் தருவது கல்வி.

பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். நம்மிடையே தோன்றிய முனைவர் கே. ஏ. குணசேகரன் (1955–2016) இத்தகைய பாடல்களை மேடையில் முழங்கியதோடு ஆய்வும் செய்தார். எனினும் ஏட்டில் ஏறாத பாடல்கள் இன்னும் பல.

என் அன்னையார் முடிச்சூர்ப் பக்கம் நடவுக்குச் சென்றவர். நான் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற நாளில், நண்பன் ஒருவன் வீட்டிற்கு வந்திருந்தபோது அவர் பாடிக்கொண்டிருந்தார். நான் வெட்கமுற்று, "பாடாதே அம்மா" என்றேன். அதன்பின் என் எதிரில் அவர் பாடியதே இல்லை. இன்று அவரும் இல்லை; அந்த வயலும் வீட்டு மனைகளாகிவிட்டது. பல்லாண்டுகள் பிள்ளைகளுக்குச் செய்யுள் நடத்திய என்னிடம், பெற்ற தாயின் பாட்டு ஒன்றுகூட முழுமையாக இல்லை.

இளைஞர்களே! உங்கள் இல்லத்தில் பாட்டி இருப்பின், இன்றிரவே ஏடும் எழுதுகோலும் கொண்டு அவர் அருகில் அமருங்கள். கைபேசியில் பதிவு செய்யினும் நன்றே. எந்த ஊரில், எந்த வேலையின்போது பாடியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள்.